என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள்

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் ரப்பர் வியாபாரம் செய்துவந்த ஓர் ஆங்கிலேயக் கம்பெனியில் நானும் அவளும் ஒரே நாள் காலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. வேலைக்கு எடுக்குமுன் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். ஒரு பக்கக் கடிதத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். நான் முதலில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் அவள் இன்னும் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

டைப்பிஸ்டுகளுக்குத் தலைவியாக இருந்தவர் வெள்ளைக்காரக் கலப்புள்ள வயதான ஒரு யூரேசியப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். என் தாளைப் பார்த்தார். பென்சில் எங்கும் நிற்கவில்லை. அவளுடைய தாளில் அங்கங்கே வட்டம் போட்டார். அவள் அதை எட்டிப் பார்த்து, “ஐயோ, என் சொந்தத் தெருப் பெயரையே தப்பாக அடித்திருக்கிறேனே” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண்மணியும் கூடவே சிரித்துவிட்டார். என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. சிரிக்க என் தாளில் ஒன்றும் இல்லை.

தப்புச் செய்துவிட்டுச் சிரிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் பொறாமை அந்த நிமிடத்தில் ஆரம்பித்தது.

அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அரசாங்கத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பர் சிராங்கூன் ரோட்டில் முன்னால் தோட்டம் வைத்த வீடு. கான்வென்ட் படிப்பு. நாங்கள் பஃப்ளோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மாவு மில். மிளகாய் அரைக்கிற நாளில் காயப்போட்ட துணியெல்லாம் நெடியேறிவிடும். ஆபீஸில் யாராவது தும்மினால் என் சட்டையோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் அறையில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவர்தான். மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம். தனியாக இருந்தால் தமிழ். அவள் என்னை ‘நீர்’ என்பாள். அது மரியாதையா, மரியாதைக் குறைவா என்று முதல் வாரம் எனக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான் ‘நீங்க’ போட்டேன். கடைசிவரை அப்படியே நின்றுவிட்டது.

“நீர் ஏன் சாப்பிடேக்க ஒண்டும் கதைக்கிறேல்ல?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“பேசுறதுக்கு என்ன இருக்கு? சாப்பிட்டுட்டு வேலையப் பாக்கலாம்ல” என்றேன்.

உண்மையில் அவளுடைய காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சம்பளத்தில் அது வராது என்பது ஒரு பக்கம். அதைப் போட்டுக்கொண்டு நடக்க எனக்குத் தெரியாது என்பதுதான் அதைவிட உறுத்தியது.

ஓராண்டு கழிந்ததும் மானேஜருடைய காரியதரிசி கல்யாணமாகி இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு யார் என்று அறையெல்லாம் பேச்சு. ‘நீதான்’ என்று சீனப் பெண்கள் என்னிடம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் விரலுக்குப் பக்கத்தில் நிற்க அந்த மாடியில் ஆள் கிடையாது. ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, தலைவி வந்து அவள் மேசையருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் தன் குடையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்கு முன்னால் இருந்த கண்ணாடி அறைக்குப் போனாள். அவ்வளவுதான். மாலையில் அவளுடைய பழைய மேசையில் காகிதக்கட்டுகளை அடுக்கிவிட்டார்கள்.

நான் தலைவியிடம் போய்க் கேட்டேன். எப்படி அந்தத் துணிச்சல் வந்ததென்று இன்றும் எனக்குத் தெரியாது.

“உன் வேகம் அவளுக்கு வராது, எனக்குத் தெரியும்” என்றார் அவர். “ஆனால் டெலிபோனில் அவள் குரலைக் கேட்டால் ஆட்கள் சந்தோஷப்படுகிறார்கள். உன் குரலைக் கேட்டால், எதையோ மறந்துவிட்டோமோ என்று பயந்துபோகிறார்கள்.”

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ‘குட் மார்னிங்’ சொல்லிப் பார்த்தேன். காதில் சீப்பை வைத்துக்கொண்டு, இல்லாத ஆட்களிடம் மானேஜர் வெளியே போயிருப்பதாகப் பணிவாகத் தெரிவித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருகிட்டடி பேசுற?”

“வேலை விஷயம்மா.”

“சீப்புகிட்டயா?”

அந்தச் சீப்பாலேயே தலையை வாரிக்கொண்டேன். ஆனால் விடவில்லை. செலிகி ரோட்டில் ஒரு மாடியில் சுருக்கெழுத்து வகுப்பு நடந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தேன். காரியதரிசிக்குச் சுருக்கெழுத்து வேண்டும். அவள் அதில் சுமார்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். எல்லாப் பரீட்சையும் பாஸ் செய்தேன். சான்றிதழ்களைத் தலைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ‘ரொம்ப நல்லது’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி அறையில் இன்னொரு நாற்காலிக்கு இடம் கிடையாது. அதில் இருந்தவள் எழுந்திருக்கிற மாதிரியும் தெரியவில்லை. சொரசொரப்பான அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுவதும் அவள் தலை சாய்த்து டெலிபோனில் பேசுவதும் நிழலாகத் தெரியும். நான் தட்டிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டே ஒரு முழுக் கடிதத்தையும் பிழையில்லாமல் அடித்து முடித்தேன். அதிலிருந்த ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை.

பிறகு ஊரே மாறத் தொடங்கியது. நம்மவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். ஆபீஸில் வெள்ளைக்கார உதவி மானேஜர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். காலியான நாற்காலிகளில் உள்ளூர் ஆட்களை உட்கார வைத்தார்கள். மலாய்தான் இனித் தேசிய மொழி என்றதும் மாலை வகுப்புகளில் அதைப் படிக்கக் கூட்டம் நெரிந்தது. கிராணிகள் மத்தியில் எந்த நேரமும் அதே பேச்சு: யாருக்கு எது கிடைக்கும், யார் எதைப் படிக்கிறார்கள். டைப்பிஸ்டுகள் அறைக்கு மட்டும் அந்தக் காற்று வரவில்லை. எங்களுக்கு மேலே ஒரே ஒரு நாற்காலிதான். அது கண்ணாடி அறையில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டெலக்ஸ் வந்தது. அதுவரை லண்டனுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் கேபிள்தான். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் சங்கேத வார்த்தைகளாகச் சுருக்கி எழுதி, ஆள் கையில் கொடுத்துத் தந்தி ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். பதில் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். இந்த யந்திரத்தில் அப்படியில்லை. நாம் இங்கே அடித்தால் லண்டன் ஆபீஸில் அந்த நொடியே அது காகிதத்தில் விழும். அவர்கள் அங்கே அடிப்பது நம் கண்முன்னால் வரிவரியாக ஏறி வரும். ஆனால் யந்திரத்தை வைத்த இடம் கீழ்த்தளத்தில் காகிதச் சாமான்கள் போட்டிருந்த பின்னறை. ஜன்னல் கிடையாது. அது போடுகிற சத்தத்தில் தலை வலிக்கும். இதெல்லாம் போக, நம் ஊரில் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் லண்டனில் ஆபீஸ் திறப்பார்கள். அந்த யந்திரத்துக்கு முன்னால் உட்காருகிறவள் இருட்டிய பிறகே வீட்டுக்குப் போக முடியும். யார் வருகிறீர்கள் என்று தலைவி கேட்டபோது டைப்பிஸ்டுகள் அறையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார் மானேஜர். பயிற்சிக்குப் போகிறாயா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். கண்ணாடி அறையில் அவள் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றாள்.

“நான்தான் உம்மட பேரைச் சொன்னனான்” என்றாள். “உம்மளவு வேகமா அடிக்க இங்க ஆர் இருக்கினம் எண்டு துரையிட்டக் கேட்டன்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவள் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாளாம். ஜன்னலில்லாத அறைக்கு என்னைச் சிபாரிசு செய்வாளாம். அதற்கு நான் நன்றியும் சொல்ல வேண்டும்.

“ரொம்ப தேங்ஸ்” என்றேன்.

வீட்டில் அம்மா ஒரே பிடியாகக் கூடாது என்றாள். இருட்டின பிறகு வீடு திரும்புகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று கேட்டாள். அப்பா துறைமுகத்தில் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். பேச்சு அதிகம் கிடையாது. “இந்த வேலை அந்த ஆபீஸ்ல வேற யாருக்காச்சும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

“யாருக்கும் தெரியாதுப்பா.”

“அப்ப போ” என்றார்.

நான் போனதற்கு அவர் சொன்னது பாதிக் காரணம். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மீதி.

அந்தப் பின்னறையில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மாலையானதும் லண்டன் விலை வரும். அதை முதலில் பார்ப்பவள் நான். ரப்பர் வாங்கி விற்கிற ஆட்கள் கோப்பிக் குவளையோடு என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். ‘ஏறியிருக்கா? இறங்கியிருக்கா?’ என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுக்கும்வரை நான் முகத்தில் எதையும் காட்ட மாட்டேன். டெலிபோனில் எல்லாரையும் பயமுறுத்திய என் குரலைப் பற்றி இப்போது யாருக்கும் கவலையில்லை. மானேஜரே மாடிப்படி இறங்கி வருவார். அவருக்குப் பின்னால் சின்னக் குறிப்புத் தாளோடு அவள் வந்து நிற்பாள். அறைக்குள் இடமில்லாததால் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அப்படி அவள் நின்ற முதல் மாலை, வேண்டுமென்றே மெதுவாகக் காகிதத்தைக் கிழித்தேன்.

“நீர் குடுத்து வைச்சனீர்” என்றாள் அவள், துரை போன பிறகு. “லண்டன்ல இருக்கிற ஆக்களோட நேரடியாக் கதைக்கிறீர். நான் வெறும் டெலிபோன் எடுக்கிறன்.”

அந்தக் குரலில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அம்மா பயந்தபடியே நடந்தது. ஒரு நல்ல வரன் வந்தது. பையன் பள்ளிக்கூட ஆசிரியர். பையனின் அம்மா ஒருநாள் மாலை முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு வந்து காத்திருந்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. “தினமும் இப்படித்தானா?” என்று கேட்டார். “ஆமாங்க, லண்டன் திறக்கிறதே நமக்குச் சாயந்தரம்தான்” என்றேன். அவருக்கு லண்டன் திறப்பதில் அக்கறை இல்லை. வரன் தட்டிப்போனது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதே ஆண்டில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டாக்டர். கல்யாணமானால் வேலையை விட்டுவிடுவாள், கண்ணாடி அறை காலியாகும் என்று டைப்பிஸ்டுகள் அறையில் கணக்குப் போட்டார்கள். அவள் விடவில்லை. மாலையில் அவள் கணவர் சின்னக் காரைக் கொண்டுவந்து கட்டடத்துக்கு எதிரே நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். பின்னறையில் ஜன்னல் இல்லாததற்காக நான் மகிழ்ந்தது அப்போதுதான். பார்க்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர் பிரிந்து தனிநாடாக நின்ற பிறகு எங்கள் துரையும் கப்பலேறினார். அவருக்குப் பதிலாக வந்தவர் இளவயதுச் சீனர், வெளிநாட்டில் படித்தவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டெலிபோனைத் தானே சுழற்றுவார். கதவைத் திறந்து வைத்திருப்பார். கண்ணாடி அறை எதற்கு என்று கேட்டு அதைப் பிரித்துப்போட்டு, அங்கே இரண்டு விற்பனைக்காரர்களை உட்கார வைத்தார். அவளைப் பழைய டைப்பிஸ்டுகள் அறைக்கே அனுப்பினார். என்னைக் கூப்பிட்டு, டெலக்ஸ், தபால், கேபிள் எல்லாவற்றையும் ஒரே பிரிவாக்கப் போவதாகவும் அதற்கு நான் பொறுப்பு என்றும் சொன்னார். எனக்குக் கீழே இரண்டு பெண்கள். ஜன்னல் வைத்த அறை.

இத்தனை ஆண்டு நான் வேண்டியது இதுதான். அன்று தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. அவள் தட்டச்சு யந்திரத்துக்கு முன்னால் குனிந்திருப்பதைப் பார்க்கவென்றே ஏதாவது காகிதத்தோடு அந்தப் பக்கம் நடந்தேன். வேகம் அன்றுபோலவேதான்.

அடுத்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டாள். ஜூரோங்கில் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலையில், ஆட்களை வேலைக்கு எடுத்துக் கவனித்துக்கொள்ளும் பிரிவில் உதவியாளராகப் போகிறாள் என்றார்கள். ஆபீஸே சிரித்தது. அந்தக் காலத்தில் ஜூரோங் என்றால் சேறும் செம்மண்ணும். “அங்க முதலைக்குத்தான் வேலை குடுப்பாங்க லா” என்றார் எங்கள் தபால் கிராணி. நானும் சிரித்தேன். சாயங்காலம் அவள் விடைபெற வந்தாள்.

“அவ்வளவு தூரம் எதுக்குப் போறீங்க?” என்று கேட்டேன்.

“இங்க எனக்கு இனி ஒண்டும் இல்லையே” என்றாள். வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. “அங்க எல்லாம் புதுசு. ஆருக்கும் ஒண்டும் தெரியாது. எனக்கும் தெரியாது. பரவாயில்லைத்தானே.”

எதுவும் தெரியாத இடத்துக்கு இப்படிச் சிரித்துக்கொண்டு போக என்னால் முடியாது. எனக்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், பிறகுதான் கதவைத் தட்டுவேன். அவள் போன பிறகு என் ஜன்னல் அறை கொஞ்சம் சிறிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நல்ல செய்தி எங்களுக்கு வரவில்லை. கம்பெனி தன் வியாபாரத்தில் பாதியைக் கோலாலம்பூருக்கு மாற்றியது. பிரிட்டிஷ் படைகள் கிளம்பப் போகின்றன என்ற பேச்சு வந்ததும், படைத்தளங்களை நம்பிப் பிழைத்த ஊரெல்லாம் வேலையைப் பற்றிய பயம். எனக்குக் கீழே இருந்த பெண்களில் ஒருத்தியை நிறுத்தினார்கள், பிறகு இன்னொருத்தியையும். பொறுப்பாளர் என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சியது. பழையபடி நானே அடித்து, நானே கிழித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் கோப்பிக் குவளையோடு நிற்க ஆளில்லை.

தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். நான் முதலில் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவள் அதற்குள் பார்த்துவிட்டாள்.

“நீர்தானே! எத்தினை வருசம்!” கையைப் பிடித்துக்கொண்டாள். தொழிற்சாலையில் இப்போது அந்தப் பிரிவே அவள் பொறுப்பில் இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்களை அவளே வேலைக்கு எடுத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் பெருமைக்குச் சொல்லவில்லை. வேலையில் படுகிற தலைவலிகளைப் பற்றிச் சொல்லும்போது இதெல்லாம் வந்து விழுந்தது. பிறகு திடீரென்று, “எங்கட இடத்தில வெளிநாட்டு ஆர்டருகளைப் பார்க்க ஆள் தேடுறம். டெலக்ஸ் தெரிஞ்ச ஆள் வேணும். நீர் வாருமன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். மறுபடியும் அவளே என் பெயரைச் சொல்வாள், அவள் சொன்ன இடத்தில் நான் உட்கார வேண்டும். அப்பா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கம்பெனி இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. போய்ப் பார்ப்பதில் என்ன என்று என்னிடமே சொல்லிக்கொண்டு ஒரு காலையில் ஜூரோங்குக்குப் போனேன்.

அவள் அறையில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தாள். கதவைத் தட்டாமலே பெண்கள் உள்ளே வந்தார்கள். சீன மொழியில், மலாயில், தமிழில் அவளிடம் ஏதேதோ முறையிட்டார்கள். அவளுக்கு எல்லா மொழியும் அரைகுறைதான். தப்புத்தப்பாகப் பேசினாள். அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், வேலை நடந்தது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அன்னிக்கு டெலக்ஸுக்கு ஏன் என் பேரச் சொன்னீங்க?”

“எந்த டெலக்ஸ்?”

“பழைய ஆபீஸ்ல. துரைகிட்ட நீங்கதான சொன்னீங்க, என்ன மாதிரி வேகமா அடிக்க ஆளில்லன்னு.”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “நானோ? சொல்லியிருப்பன். எனக்கு ஞாபகமில்லையே” என்றாள். “ஏன், அது பிழையாப் போச்சுதோ?”

இத்தனை ஆண்டுகள் நான் ஒருத்தியோடு ஓடிக்கொண்டிருந்தேன். சுருக்கெழுத்து வகுப்பு, பின்னறை, தட்டிப்போன வரன் எல்லாம் அந்த ஓட்டத்தில் வந்தவை. அவள் ஓடவே இல்லை. பக்கத்தில் யாராவது ஓடுகிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கோபமாக வந்தது, அதற்கு மேல் வெட்கமாகவும் இருந்தது. அவள் என்னை ஒருமுறையாவது வெறுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“பிழையெல்லாம் இல்ல. நல்லாத்தான் போச்சு” என்றேன். பிறகு கேட்டேன்: “இந்த வேலை யாருக்குக் கீழ?”

“ஃபாக்டரி மானேஜருக்கு. எனக்குக் கீழ இல்லை” என்றாள். “ஏன், எனக்குக் கீழ எண்டா வரமாட்டீரோ?” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. வரமாட்டேன் என்பதுதான் உண்மை.

ஃபாக்டரி மானேஜரான அமெரிக்கர் ஒருவர் என்னைக் கேள்வி கேட்டார். பழைய ஆபீஸில் செய்ததையெல்லாம் சொன்னேன். அவர்களுடைய டெலக்ஸைக் காட்டி ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வெளிநாட்டு ஆர்டர்கள் வருவதிலிருந்து பெட்டி கப்பலேறுவதுவரை எல்லாவற்றையும் கவனிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் யாரும் எனக்கு அப்படி ஒரு வேலையைத் தந்திருக்க மாட்டார்கள். அம்மாவிடம் சொன்னபோது, “எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவ?” என்று கேட்டாள். சாயந்தரம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவேன் என்றதும் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

அவள் அறையும் என் அறையும் ஒரே நடைபாதையில் இருந்தன. எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் லீவு கேட்க அவளிடம் போவார்கள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். என்னிடம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு ஒருநாளும் அது பழகவில்லை. ஆனால் பெட்டி கப்பலைத் தவறவிட்டது என்று என் பிரிவைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை.

காலையில் தொழிற்சாலை பஸ் சிராங்கூன் ரோட்டில் நின்று எங்களை ஏற்றிக்கொள்ளும். கணவரின் கார் கிளினிக்குக்கு வேண்டியிருந்ததால் அவளும் அதில்தான் வந்தாள். ஒருமுறை நான் சற்றுப் பிந்தியபோது பஸ் போயே விட்டது. அவள் பிந்தினால் டிரைவர் காத்திருப்பார். ஒருநாள் காலையிலும் அப்படிக் காத்திருந்தார். அவள் ஈரத் தலையோடு ஓடிவந்து ஏறி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காலியிடம் தேடினாள். என் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அதில் என் பை இருந்தது.

“கொஞ்சம் அரக்கி இரும்” என்றாள்.

எரிச்சலாகத்தான் இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.